வேலையாய் இருப்பவர்கள்

கருவடிக்குப்பத்து மாந்தோப்பு வீட்டில் அந்தம்மா என்னிடம் முதன்முதலில் பேசிய வார்த்தை "நில்லு" என்பதுதான். நான் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. படலுக்கு அந்தப் பக்கம் ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையைக் காற்றில் நீட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"தபால்மா" என்றேன்.

"தெரியுது. நில்லு. வேலயா இருக்காங்க."

யார் வேலையாக இருக்கிறார்கள் என்று படலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் செம்மண் பாதையின் நடுவில் இரண்டு சாரைப் பாம்புகள் முறுக்கிய கயிறு போலப் பின்னிக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு எழுவதும் தரையில் சாய்வதுமாக இருந்தன. பங்குனி மாதம், பதினோரு மணி வெயில். கலியாணமா சண்டையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன்.

"எதுவா இருந்தா உனக்கின்னா?"

எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிப் பின்னுகிற பாம்புகளின் மேல் வேட்டியை விரித்து எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். அதைச் சொன்னேன். அந்தம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நீ வேலயா இருக்கறப்ப உம்மேல ஒருத்தன் வேட்டியப் போட்டா சும்மா இருப்பியா?"

முக்கால் மணி நேரம் நின்றேன். பாம்புகள் பிரிந்து முந்திரிப் புதருக்குள் போன பிறகு வந்து, என் கையிலிருந்த சைகோன் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் எனக்கு 'ஃபக்தேர்' என்று பெயர். கொடி மாறிய பிறகு 'போஸ்ட்மேன்' ஆனேன். சட்டை மாறியது, தபால்தலை மாறியது, சைக்கிளும் வெயிலும் மட்டும் அப்படியே இருந்தன. முத்தியால்பேட்டை தாண்டினால் கருவடிக்குப்பம், அங்கிருந்து லாஸ்பேட்டை, இதுதான் என் சுற்று. இந்தச் சுற்றில் எந்த வீட்டிலும் என்னைக் காக்க வைக்க மாட்டார்கள். கடிதம் என்றால் ஓடி வருவார்கள். இந்த ஒரு வீட்டில் மட்டும் கடைசி வரிசையில் நிற்கிற ஆள் நான்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் மனிதர்கள் எல்லோருக்குமே அங்கே ஒரே மரியாதைதான். தோப்பை அளக்க வந்த அதிகாரியை 'நீ' என்றாள். பாதையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பை 'அவரு' என்றாள். "அவரு எழுந்திருக்கட்டும், அப்புறம் அள" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அதிகாரி அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். மறுநாளும் உடும்பு அங்கேயே படுத்திருந்தது.

"ஏம்மா, ஒரு கல்ல எடுத்துப் போட்டா ஓடிப் போயிடும். அரசாங்க ஆள இப்படி அலைய வுடலாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அந்தாளுக்குச் சொன்னாப் புரியும், போயிட்டான். உடும்புக்கு நான் எப்படிச் சொல்றது?"

இதுதான் அவளுடைய சட்டம். சொன்னால் புரிகிறவன் எவனோ அவன்தான் நகர வேண்டும். புரியாதது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும். இந்தச் சட்டத்தின்படி கோடை ஆரம்பித்தால் தோப்பில் அவளுக்கே இடம் குறைந்துகொண்டு வரும். கிணற்று வாளியில் தவளை உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டுக் குடத்தைக் கடன் வாங்குவாள். துணி காயப்போடும் கொடியில் தும்பிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் ஈரப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். பலா மரத்தடியில் எறும்புச் சாரை போனால் அன்றைக்குப் பலாப்பழம் கிடையாது.

சரி, ஏதோ சாமியார் போலிருக்கிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. காலாப்பட்டுக் குப்பத்து மீன்காரி கூடையை இறக்கினால் பேரம் பேசி நல்ல வஞ்சிர மீனாகப் பொறுக்கி எடுப்பாள். ஒருநாள் அவள் மீன் கழுவுவதைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் பாவமில்லையா?" என்று கேட்டேன்.

"செத்துப் போச்சே. இனிமே அதுக்கு இன்னா வேல இருக்குது?"

கொசுவை மட்டும் அடித்துக் கொன்றாள். அதற்கும் காரணம் வைத்திருந்தாள். "அது இல்ல எங்கிட்ட வருது? நானா அதுங்கிட்ட போனேன்?"

அடுத்த கோடையில் என் சைக்கிளே மாட்டிக்கொண்டது. ஹாண்டில் பாரில் வலதுபக்கப் பிடியின் ரப்பர் கழன்று விழுந்து, குழாயின் வாய் திறந்து கிடந்தது. அன்றைக்கு அவள் ஏதோ நல்ல மனநிலையில் இருந்தாள், மோர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பினால், ஒரு குளவி வாயில் மண்ணுருண்டையோடு அந்தக் குழாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. கை நீட்டினேன்.

"தொடாத!"

"அம்மா, இது தபாலாபீஸ் சைக்கிள்."

"அவ பாட்டுக்கு வீடு கட்ட ஆரம்பிச்சிட்டா. நீ வண்டிய எடுத்துக்கினு போயிட்டா திரும்பி வந்து எங்கன்னு தேடுவா?"

"நான் நடந்து எப்படிம்மா கடிதம் குடுக்கறது?"

"காலாலதான். உனக்குத்தான் ரெண்டு இருக்குதே."

மூன்று நாள் நடந்தேன். சைக்கிள் எங்கே என்று போஸ்ட்மாஸ்டர் கேட்டார். அவர் சென்னையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். குளவி என்றேன். பஞ்சரா என்று கேட்டார். இல்லை, குளவி என்றேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார். 'மேற்படி சைக்கிளில் குளவி குடியேறியிருப்பதால்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், பிறகு மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

நான்காம் நாள் குளவி குழாயின் வாயை மண்ணால் பூசி அடைத்துவிட்டுப் போய்விட்டது. சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தம்மா, "உள்ள கொழந்த தூங்குது. பாத்து ஓட்டு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனால் லாஸ்பேட்டைச் சரளைக்கல் மேட்டில் வண்டி குலுங்கியபோது, யாரும் சொல்லாமலே இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். குளவிக் குஞ்சு மண்ணை உடைத்து வெளியே வரும்வரை, மூன்று வாரமும் அப்படித்தான் போனேன். இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவளுக்குக் கடிதம் எழுதிய சைகோன் ஆள் அவளுடைய வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். கலியாணமாகி எட்டு மாதத்தில் கப்பலேறிப் போனவர், நடுவில் ஒரே ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்தார். மற்றபடி பதினோரு வருஷமாகக் கடிதம்தான். மூன்றாவது கோடையில், சித்திரை பிறக்க இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு தடித்த உறையைக் கொண்டுபோனேன்.

அன்றைக்கு அவள் வாசலில் இல்லை. கூப்பிட்டதற்குப் பதில் வீட்டின் பக்கவாட்டிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கால் வைத்து ஜன்னல் வழியாக இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அந்த ஜன்னலின் மரக்கம்பிகளைக் கரையான் அரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"கதவு இன்னாச்சிம்மா?"

உதட்டில் விரலை வைத்து என்னை வாசல் பக்கம் அழைத்துப் போனாள். அந்த வீட்டுக்கு ஒரே வாசல், இரட்டைக் கதவு. நிலைமேல் ஏற்றிவிட்டிருந்த முல்லைக்கொடி இறங்கி, இரண்டு கதவுகளின் இரும்பு வளையங்களையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. அந்தச் சுற்றலின் நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு கூடு. கூட்டுக்கு மேலே கறுப்புக் கொண்டை ஒன்று மட்டும் தெரிந்தது. கடலூரில் ஒரு கலியாணத்துக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டாளாம். அதற்குள் கொண்டைக்குருவி கட்டிவிட்டது. எந்தக் கதவை இழுத்தாலும் கூடு கிழிந்துபோகும்.

கடிதத்தை அங்கேயே பிரித்துப் படித்தாள். படித்தவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். அவள் கூட்டைப் பார்த்தாள்.

"இப்பவா வரணும்? முட்ட வெச்சி ரெண்டு நாள்தான் ஆவுது."

"யாரும்மா வராங்க?"

"அவருதான். ஒரேயடியா வந்துடறாராம். ஒரு மாசம் தள்ளி வரச் சொல்லி எழுதினாப் போய்ச் சேருமா?"

"கப்பல் கெளம்பியிருக்கும்மா."

ஒன்பது நாள் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது படலுக்கு முன்னால் ஒரு குதிரைவண்டி நின்றது. இரண்டு இரும்புப் பெட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உயரமாக ஒருவர், நரைத்த மீசை, வலது காலை நேராக நீட்டி நீட்டி வைத்து நடந்தார். வாசல்வரை போய்க் கதவைப் பார்த்தார். அந்தம்மா உள்ளே நின்று பேசினாள். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவர்கள் பேசியதை நான் கேட்டேன்.

"கதவத் தொற."

"முடியாதுங்க."

"ஏன்?"

"குருவி."

அவர் என் பக்கம் திரும்பி, "உள்ள எவன் இருக்கான்?" என்று கேட்டார்.

"யாருமில்ல முசே. நெசமாவே குருவிதான்" என்றேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம், வாயில் 'ஐயா'வுக்குப் பதில் 'முசே'தான் வந்தது.

அவள் ஜன்னலுக்கு வந்து, "நீங்களே ஏறி வந்து பாருங்க" என்றாள். அவர் உரலைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"முட்டி மடங்காதுன்னு எழுதினேனே."

"எழுதினீங்க. கொஞ்சமாவது மடங்கும்னு நெனச்சேன்."

பிரெஞ்சில் ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கையில் இருந்த டார்ச்சை ஜன்னலுக்குள் நீட்டி மூலை மூலையாக அடித்துப் பார்த்தார். ஆள் யாரும் இல்லையென்று தெரிந்ததும் கோபம் இன்னும் அதிகமானது. எவனாவது இருந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் போல. "குருவிக்காகவா என்ன வெளில நிக்க வெக்கற?" என்று கத்தினார்.

"கத்தாதீங்க. குஞ்சு பொரிக்கற நேரம்" என்றாள்.

அன்று மாலையே டவுனில் ஒரு லாட்ஜுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் போனால், மாமரத்தடியில் பட்டாளத்து மடக்குக் கட்டிலைப் போட்டுக் கொசுவலை கட்டி உட்கார்ந்திருந்தார். "இது எங்க அப்பன் தோப்பு. எங்கியும் போக மாட்டேன்" என்றார். மரத்திலிருந்து பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட மாங்காய்கள் கொசுவலைமேல் கிடந்தன. பூட்ஸுக்குள் செவ்வெறும்புகள் புகுந்திருந்தன. சோறு ஜன்னல் வழியாக வந்தது. தட்டை நீட்டுகிற கை ஒரு பக்கம், வாங்குகிற கை ஒரு பக்கம். பேச்சில்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். தபால்தலை ஒட்டியிருந்தது. விலாசத்தைப் பார்த்தேன். அந்தம்மா பெயர், கருவடிக்குப்பம், மாந்தோப்பு வீடு.

"முசே, அவங்க இதோ இருக்காங்க. இருபதடி."

"ஸ்டாம்பு ஒட்டியிருக்குது இல்ல? கொண்டுபோய் முத்திர குத்தி எடுத்துக்கினு வா."

விதி என்று ஒன்று இருக்கிறது. டவுனுக்குக் கொண்டுபோனேன், முத்திரை குத்தினேன், மறுநாள் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினேன். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். "கொழம்புல காரம் அதிகமாம். வாயத் தொறந்து சொல்லத் தெரியல பாரு" என்றாள். சொன்னவள் வாயைத் திறந்தாளா என்றால் அதுவும் இல்லை. அவளும் ஒரு பதில் எழுதி, தபால்தலை ஒட்டி, என்னிடம் கொடுத்தாள். இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போனது. அந்த இருபதடியைக் கடக்க ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் ஆறு மைல் சைக்கிள் மிதித்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரிடம் கேட்டேவிட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு மண்ணைப் பார்த்தார்.

"பதினோரு வருசமா எழுதித்தான் பழக்கம் தம்பி. மூஞ்சியப் பாத்தா இன்னா பேசறதுன்னு தெரியல."

அன்றைய கடிதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

குஞ்சுகள் மூன்று பொரித்தன. தாயும் தகப்பனுமாகக் குருவிகள் புழுவும் பழமுமாகக் கொண்டுவந்து ஊட்டின. மாமரத்தடியில் உட்கார்ந்து அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர் வந்த பதினான்காம் நாளோ என்னவோ, நான் படலுக்குள் நுழையும்போது ஒரு செம்போத்து வாசல் நிலைமேல் வந்து உட்கார்ந்தது. காக்கை அளவு, செங்கல் நிற இறக்கை, ரத்தம் போன்ற கண். பெரிய குருவிகள் இரண்டும் கத்திக்கொண்டு சுற்றின. செம்போத்து நிதானமாகக் கொடியில் இறங்கிக் கூட்டுக்குள் தலையை விட்டது. சத்தம் கேட்டு அந்தம்மா ஜன்னல் வழியாகக் குதித்து ஓடி வந்தாள். வந்தவள் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். கை தூக்கினாள், இறக்கினாள்.  செம்போத்தும் தன் வேலையில்தான் இருந்தது.

"மேர்த்!" என்று அதே பிரெஞ்சுக் கெட்ட வார்த்தை சத்தமாகக் கேட்டது. அவருடைய பூட்ஸ் ஒன்று என் தலைக்கு மேலே பறந்து போய்க் கதவில் அடித்தது. செம்போத்து ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. அடி விழுந்த அதிர்ச்சியில் கூடு சாய்ந்து, இன்னொரு குஞ்சு கீழே விழுந்தது. அவர் ஒற்றைப் பூட்ஸோடு நொண்டி நொண்டிப் போய், மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டித் தரையில் உட்கார்ந்து, குஞ்சை இரண்டு விரலால் எடுத்தார். கதவைப் பிடித்து எழுந்து அதைக் கூட்டில் வைத்துக் கூட்டையும் நிமிர்த்தினார்.

"இன்னாத்துக்கு அத அடிச்சீங்க?" என்றாள் அந்தம்மா.

"உன் குருவியத் தின்னுதுடி!"

"அதுக்கும் கூட்டுல குஞ்சு இருக்குமே."

"அப்ப வுட்டுட வேண்டியதா? நீயே சொல்லு."

 "எனக்குத் தெரியலிங்க" என்றாள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஒரு குஞ்சுக்காக மட்டும் அழுத அழுகையாகத் தெரியவில்லை எனக்கு.

அவர் பக்கத்தில் வந்து நின்றார். அவளைத் தொடலாமா வேண்டாமா என்று கை ஒருமுறை போய் வந்தது.

"நீ அடிக்கல இல்ல? நான்தான அடிச்சேன்? அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும். எங்கிட்ட ஏற்கெனவே நெறைய இருக்குது. அதோட இதுவும் ஒண்ணு. அழாத."

அன்று என் கையில் அவருக்கு ஒரு கடிதம் இருந்தது, அவள் முந்தின நாள் எழுதியது. கொடுக்கப் போனேன். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், பிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் கடிதமே இல்லை. நான் போகும்போதெல்லாம் அவர் வாசலருகே ஒரு பெட்டியைப் போட்டு, கையில் தடியோடு காவல் உட்கார்ந்திருப்பார். அவள் ஜன்னலில் சாய்ந்து நின்று, "அந்த ஊர்ல மழ எப்படிங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் சொல்லிக்கொண்டிருப்பார். மழையிலிருந்து சண்டைக்கும், சண்டையிலிருந்து செத்துப்போன சிநேகிதர்களுக்கும் பேச்சு போகும். நான் கேட்காதவன் போலப் போய்விடுவேன்.

மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளும் ஒரு காலையில் பறந்தன. கதவைத் திறந்துவிட்டாளா என்றால், இல்லை. மறந்துபோய்த் திரும்பி வந்தால் என்ன செய்யும் என்று இன்னும் மூன்று நாள் வைத்திருந்தாள். அவரும் சரி என்றுவிட்டார். இருபத்தோராம் நாள் நான் போனபோது, சவரப் பெட்டியிலிருந்த சின்னக் கத்தரிக்கோலால் அவர் முல்லைக்கொடியை ஒவ்வொரு இழையாக நறுக்கி வளையத்திலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தார். கூட்டை முழுசாக எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். கதவு பெரிய சத்தத்தோடு திறந்தது. அந்தம்மா உள்ளே நின்றிருந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். இருவரும் புதிதாக அறிமுகமானவர்கள் மாதிரி ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் நீட்டிய காலை முன்னால் வைத்து உள்ளே போனார்.

நான் பெட்டிகளை வாசலுக்குத் தூக்கிவந்து வைத்தேன். உள்ளறையிலிருந்து அவர் குரல் கேட்டது.

"கட்டில்ல யாரு?"

"அணிலுங்க. மெத்தையப் பிச்சி உள்ள குட்டி போட்டிருக்கு. நாலு. இன்னும் கண்ணே தொறக்கல."

 பெட்டிகளைத் திரும்பவும் மாமரத்தடிக்குத் தூக்க வேண்டியிருக்குமோ என்று காத்து நின்றேன். திடீரென்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு, நடுநடுவே இருமல்.

"அப்ப நீ எங்க படுக்கற?"

"தரையிலதான்."

"நானு?"

பதிலுக்கு ஒரு கோரைப்பாய் விரிகிற சத்தம் கேட்டது. பழைய பாய்க்கு அந்தச் சத்தம் வராது. ஒருமுறைகூட விரிக்காத பாய்க்குத்தான் வரும். அது விரிந்து விரிந்து நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அங்கே இனி வேலை இல்லை என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது அந்தம்மா சொன்னது காதில் விழுந்தது.

"நீங்க சொவத்துப் பக்கம் படுங்க. கால நீட்டியேதான் படுக்கணும்னு எழுதியிருந்தீங்களே, அதான் ரெண்டு முழம் கூடவே வெச்சி நெய்யச் சொன்னேன்."